வளையல் கடை அழகிரியின் பிரசவங்கள்

1974ஆம் வருஷம் வைகாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, திருச்சி சின்னக்கடை வீதியில் வளையல் கடை வைத்திருந்த அழகிரிக்குப் பிரசவ வலி எடுத்தது. அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. வலி பதினொரு மணி நேரம் நீடித்தது. பக்கத்துக் கடை அத்தர் வியாபாரி ஹனீஃபா, கல்லடைப்பு என்று நினைத்து பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். அது வாந்தியாக வெளியே வந்தது. மாலை ஆறரைக்கு வலி சட்டென்று நின்றது. அதே ஆறரைக்குப் புத்தூர் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி ரெங்கநாயகிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ரெங்கநாயகி அந்தப் பதினொரு மணி நேரமும் பக்கத்துக் கட்டில்காரியுடன் புளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள் என்றும், நடுவில் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்றும் பணியில் இருந்த நர்ஸ் இருதயமேரி பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

இதற்குக் காரணம் ஒரு தப்பு. பெரிய தப்பு ஒன்றும் இல்லை, கோயிலுக்குப் போகிற யாரும் செய்யக்கூடியதுதான். ரெங்கநாயகிக்கு அப்போது முப்பத்தேழு வயது. மூத்த பெண் கமலவல்லிக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிற சமயத்தில் தாய்க்காரி மசக்கையில் படுத்தால் ஊர் என்னென்ன சொல்லுமோ அத்தனையையும் அவர்கள் குடியிருந்த பாலக்கரை சொன்னது. கமலவல்லிக்குப் பிறகு மூன்று குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவது தடவை ரெங்கநாயகியே தங்குவாளா என்று ஆகிவிட்டது. இந்த முறை வலியை அவள் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொன்னதும் அழகிரி பதறிப்போய் மலைக்கோட்டை ஏறினார். பாதி மலையில் இருக்கிற தாயுமானவரிடம் திருச்சிக்காரர்கள் இதற்காகத்தான் போவார்கள். காவிரியில் வெள்ளம் வந்து தாய்க்காரி அக்கரையில் மாட்டிக்கொண்டபோது, அவளைப் போலவே உருவெடுத்து வந்து, ரத்தினாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவம் பார்த்து, பத்தியச் சமையலும் செய்து போட்ட சாமி அது. வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வந்து சேர்ந்தபோது வீட்டில் இரண்டு அம்மாக்கள் நின்றார்கள், ஒருத்தி மறைந்துபோனாள். இதை ஊரில் யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. தெரிந்த வீட்டில் நடந்த விஷயம் போலத்தான் சொல்வார்கள்.

கர்ப்பிணியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்துகொண்டு, சுகப்பிரசவமானால் வாழைத்தார் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டு வர வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். சந்திரசேகர குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "சுகப்பிரசவத்துக்கா? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்று கேட்டார். அழகிரி, "அழகிரி, திருவோணம்" என்றார். இருபது வருஷமாக மாதம் தவறாமல் தன் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்துவந்த மனுஷன். நாக்கு பழகின வழியிலேயே போய்விட்டது. குருக்கள் கூட்டத்தில் கவனிக்கவில்லை. சுகப்பிரசவம் வேண்டி அழகிரியின் பெயருக்கு அர்ச்சனை முறையாக நடந்து முடிந்தது. பாதிப் படி இறங்கிய பிறகுதான் அழகிரிக்கு உறைத்தது. வைகாசி வெயிலில் கல் படி கொதித்துக்கொண்டிருந்தது. மறுபடி ஏறச் சோம்பல். சாமிக்குத் தெரியாதா என்று சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டார். சாமிக்குத் தெரியவில்லை என்று குறை சொல்ல முடியாது. சொன்ன பெயருக்குச் சொன்னபடி நடந்தது.

ஒரு தடவையோடு அது நிற்கவில்லை, அதற்குப் பிறகு அவர் கையால் வளையல் போட்டுக்கொண்டவர்களின் வலியும் அவருக்கே வந்தது. வளையல் வியாபாரிக்கு வளைகாப்பு வீடுகள்தான் சோறு போடுகிற இடம். ஏழாம் மாதக்காரியை மணையில் உட்கார வைத்து, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் ஏற்றி, ஒன்றுகூட உடையாமல் எழுந்திருப்பதில் அழகிரிக்கு மலைக்கோட்டை வட்டாரத்திலேயே நல்ல பெயர். அந்த ஆவணியில் பாலக்கரை ரயில்வே கார்டு வீட்டு மருமகளுக்கு வளையல் போட்டார். ஐப்பசியில் அவள் சிரித்துக்கொண்டே பெற்றாள், இவர் கடையில் உருண்டார். அடுத்து ஹனீஃபாவின் மனைவி பல்கீஸ், அதற்கடுத்து மேலப்புதூர் பள்ளிக்கூட டீச்சர் லூர்துராணி. ஹனீஃபா இவர் விழுந்து எழுந்த நேரங்களை அத்தர் பெட்டி மூடியில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். இருதயமேரி ஒருநாள் அந்த மூடியை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரோடு ஒத்துப் பார்த்தாள். நிமிஷம்கூடப் பிசகவில்லை. அவள் சிலுவை போட்டுக்கொண்டு, அழகிரிக்கு இனிமேல் பார்லித் தண்ணீர் கொடுக்க வேண்டாம், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான், அது கேட்கவும் செய்தது.

செய்தி பரவ எத்தனை நாளாகும்? புத்தூரிலிருந்தும் உறையூரிலிருந்தும் தில்லைநகரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சுகமாகப் பெற்றவர்கள் தாயுமானவருக்கு ஒரு வாழைத்தாரும் அழகிரி கடைக்கு ஒரு சீப்பும் கொடுத்தார்கள். கடை வாசலில் எப்போதும் பழ வாசனையும் ஈயும். அழகிரிக்கு இதில் பெருமை இல்லாமல் இல்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். ஆனால் பெருமைக்காக மட்டும் ஒருவன் மாதத்தில் மூன்று தடவை செத்துப் பிழைக்க மாட்டான். வலி நின்ற அந்த ஒரு நிமிஷம், எங்கேயோ ஒரு குழந்தை முதல் மூச்சு விடுகிற நிமிஷம், தன் நெஞ்சு முழுக்க என்னவோ வந்து நிறைகிறது என்று அவர் ஹனீஃபாவிடம் சொன்னார். சொல்லும்போது அழுதார். வேறெந்த ஆம்பிளைக்கும் கிடைக்காதது, அதை எப்படி விட என்று கேட்டார்.

1977 ஆடி மாதக் கணக்கில் அவர் நூற்றுப்பதினேழு பிரசவம் பட்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, கடைவாய்ப் பற்கள் ஆடின, படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, இனி ஒன்று வந்தாலும் இந்த இதயம் நின்றுவிடும் என்று ரெங்கநாயகியிடம் நேராகவே சொன்னாள். ரெங்கநாயகி அன்றைக்கே வளையல் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தாலிக்கொடியில் முடிந்துகொண்டாள். வளைகாப்புக்குக் கூப்பிட வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, காபி கொடுத்து, கும்பிட்டு அனுப்பினாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆனால் கமலவல்லி அப்போது முழுகாமல் இருந்தாள். ஸ்ரீரங்கம் தபாலாபீசில் வேலை பார்க்கும் பையனுக்கு அவளைக் கொடுத்திருந்தார்கள், வீடு கீழச்சித்திரை வீதியில். இடுப்புச் சின்னது, குழந்தை குறுக்கே கிடக்கிறது, பிரசவம் லேசாக இருக்காது என்று அதே டாக்டரம்மாதான் சொன்னாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வராத பெண் உண்டா? கமலவல்லி வரமாட்டேன் என்றாள். வளைகாப்புக்கு வேறு ஆளை, சமயபுரம் வளையல்காரர் ஆண்டியை, ஏற்பாடு செய்யச் சொன்னாள். ஊர் வாயில் விழுந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். அழகிரி எப்படியோ சாவியைக் கைப்பற்றி, வளைகாப்பு அன்று காலையிலேயே பெட்டியும் கையுமாக ஸ்ரீரங்கம் போய் நின்றார். அவரைக் கண்டதும் கமலவல்லி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கையக் காட்டும்மா."

"காட்ட மாட்டேன். ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் பட்டீங்க, சரி. என்னோடத நான் பட்டுக்கறேன்."

"ஒன்னால தாங்க முடியாது கமலா."

"ஒங்களால மட்டும் முடியுமா? எம் புள்ளைக்குத் தாத்தா வேணும்ப்பா. போங்க, அம்மாகிட்ட சாவியக் குடுத்துடுங்க."

அழகிரி வளைகாப்புச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, ஆண்டி வளையல் போடும் லட்சணத்தை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, நல்ல பிள்ளையாகக் கிளம்பினார். பஸ்ஸில் வீட்டுக்குப் போகாமல் மலைவாசலில் இறங்கிக்கொண்டார். நான்கு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து படி ஏறினார். குருக்களுக்கு இப்போது எல்லாம் தெரியும். தட்டை வாங்காமல் தயங்கினார். "வேண்டாம் அழகிரி. ஒங்க உடம்பு தாங்காது" என்றார். "கமலவல்லிக்குச் சுகப்பிரசவம். அர்ச்சனை எம் பேருக்கு. அழகிரி, திருவோணம்" என்றார் அழகிரி. முதல் தடவை நாக்கு பிசகிச் சொன்னதை இந்தத் தடவை நிறுத்தி, அட்சரம் அட்சரமாகச் சொன்னார். பக்தன் கேட்ட அர்ச்சனையை மறுக்க குருக்களுக்கு அதிகாரம் இல்லை. செய்தார். ரெங்கநாயகிக்கு இது தெரியாது.

அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் புயல் அடித்து, கோரையாறும் உய்யக்கொண்டானும் கரை உடைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது திருச்சி தண்ணீருக்குள் இருந்தது. பாலக்கரையில் ஆள் உயரம். ஜனங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, உயரமான இடம் என்று ஒன்றே ஒன்று தெரிந்ததால், மலைக்கோட்டைக்குப் போனார்கள். மாணிக்க விநாயகர் சந்நிதி வாசலிலிருந்து தாயுமானவர் மண்டபம் வரை படிக்குப் படி குடும்பங்கள். ரோசரி மாலையோடு ஒரு குடும்பம், தொழுகைப் பாயோடு ஒரு குடும்பம், கோழிக் கூண்டோடு ஒரு குடும்பம். காவிரிப் பாலத்தில் போலீஸ் நின்று யாரையும் விடவில்லை. ஸ்ரீரங்கத்துக்குத் தந்தி இல்லை, போன் இல்லை. காலை எட்டே முக்கால் மணிக்கு மண்டபத் தூணில் சாய்ந்திருந்த அழகிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கமலவல்லிக்கு வலி கண்டுவிட்டது, அங்கே எல்லாருக்கும் அது அப்படித்தான் தெரிந்தது. ரெங்கநாயகிக்கு மற்றதும் புரிந்தது. அவள் கணவனை அடிக்கக் கை ஓங்கி, அந்தக் கையாலேயே அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு அழகிரியின் உதடு நீலமாகிவிட்டது. இருதயமேரியும் அதே மண்டபத்தில்தான் ஒதுங்கியிருந்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ரெங்கநாயகியைத் தள்ளிக் கூட்டிப்போனாள். "அக்கா, நாடி எறங்குது. கொழந்தை இன்னும் திரும்பல போல. இதே கமலாவா இருந்தா ஆபரேஷன்னு சொல்லிடுவாங்க. இவரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள். இவர் போய்விட்டால் மிச்ச வலி மொத்தமும் அக்கரையில் இருப்பவள் மேல் இறங்கும், பிறகு அவளும் இல்லை, குழந்தையும் இல்லை. இதை இருதயமேரி சொல்லவில்லை, ரெங்கநாயகிக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அவள் ஈரப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகச் சந்நிதிக்குப் போனாள்.

குருக்கள் முந்தின நாள் சாயரட்சைப் பூஜைக்கு ஏறியவர், இறங்க வழியில்லாமல் அங்கேயே இருந்தார். தேங்காய் இல்லை, பூ இல்லை; முதல் நாள் நிர்மால்யத்தில் கொஞ்சம் வில்வம் மட்டும் கிடந்தது. "சாமி, ஒரு பேரைச் சொன்னதால வந்தது. இன்னொரு பேரைச் சொன்னா மாறாதா? ரெங்கநாயகி, உத்திரம். எம் பேருக்குப் பண்ணுங்க" என்றாள். குருக்கள் வில்வ இலையைக் கிழித்து இரண்டாக்கிக்கொண்டு அர்ச்சனையை ஆரம்பித்தார். அவள் பெயர் முடிந்த அதே கணத்தில் பாதி வலி அவள் மேல் வந்தது. கருங்கல் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மண்டபத்தில் அழகிரி ஒரு முழு மூச்சு இழுத்தார். முப்பத்தேழு வயதில் தாங்காது என்று சொன்ன உடம்பு, நாற்பதில் எப்படித் தாங்கும் என்று குருக்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, பின்னால் இருதயமேரி வந்தாள்.

"என் பேரையும் சேருங்க சாமி. இருதயமேரி."

"நட்சத்திரம்?"

"அதெல்லாம் எங்களுக்குக் கெடையாதுங்க. பொறந்தது பெரிய வியாழக்கிழமைன்னு அம்மா சொல்லும்."

நட்சத்திரம் இல்லாமல் அர்ச்சனை இல்லை. நாற்பது வருஷ வழக்கம் அது. குருக்கள் சாமியைப் பார்த்தார், தரையில் கிடந்தவளைப் பார்த்தார். இல்லாதவர்களுக்கெல்லாம் சுவாமியின் நட்சத்திரமே இருக்கட்டும் என்று சொல்லி, "திருவாதிரை நட்சத்திரே, இருதயமேரி" என்று கணீரென்று சொன்னார். கல்யாணமே ஆகாத இருதயமேரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் தன் கையைப் பிடித்துக் கத்தியவர்கள் நடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டாள். வலி இப்போது மூன்றாகியிருந்தது. அடுத்து பல்கீஸ் வந்தாள். திருவாதிரை நட்சத்திரே, பல்கீஸ். லூர்துராணி டீச்சர், ரயில்வே கார்டு வீட்டு மருமகள், கோழிக் கூண்டுக்காரி. அழகிரியிடம் வளையல் போட்டவர்கள் வந்தார்கள், போடாதவர்கள் வந்தார்கள். பத்துப் பெற்றவர்கள் வந்தார்கள், ஒன்றும் பெறாதவர்களும் வந்தார்கள். வரிசை சந்நிதியிலிருந்து படியிறங்கி, கீழே தண்ணீர் நிற்கிற இடம் வரை போயிற்று. அங்கே முழங்கால் தண்ணீரில் நின்றபடி பெயரை மேலே சொல்லி அனுப்பினார்கள். பத்தாவது பெயரில் ரெங்கநாயகி எழுந்து உட்கார்ந்தாள். ஐம்பதாவது பெயரில் அழகிரியின் உதட்டில் நிறம் வந்தது. நூறில் அது மாதாந்திர இடுப்பு வலி அளவுக்குத்தான் இருந்தது, முந்நூறில் எறும்புக்கடி. வில்வ இலை தீர்ந்துபோய், குருக்கள் வெறும் கையை நீட்டி நீட்டி அர்ச்சனை செய்தார். குரல் கட்டிப்போயும் நிறுத்தவில்லை, வரிசை நிறுத்த விடவில்லை. முந்நூற்று நாற்பத்தோராவது பெயரைச் சொல்லி முடித்தபோது பிற்பகல் இரண்டு இருபது. மலை முழுக்க இருந்த பெண்கள் ஒரே நேரத்தில் இடுப்பில் கை வைத்து, ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். அழகிரி கண்ணைத் திறந்து, காபி கிடைக்குமா என்று கேட்டார்.

அந்த ஒரு நிமிஷ நிறைவு அன்றைக்கு அவருக்கு மட்டும் வரவில்லை. முந்நூற்று நாற்பத்தொரு பேருக்கும் வந்தது. வீடு வாசல் எல்லாம் தண்ணீரில் போன நாளில், அத்தனை பேரும் காரணம் தெரிந்தே சிரித்தார்கள். குலவை போட்டார்கள். யாரோ ஒருத்தி அல்லேலூயா என்றாள். சத்தம் கேட்டுப் பயந்து கூண்டுக் கோழிகளும் கத்தின.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து மாப்பிள்ளை சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கமலவல்லி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம், குழந்தை தானாகவே வயிற்றுக்குள் புரண்டதாம், லேசாக இழுத்துப் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு முறத்தைத் தள்ளி வைப்பதற்குள் பிறந்துவிட்டதாம். பெண் குழந்தை. தனக்கு வலிக்காததைக் கண்டதும் அப்பா ஏமாற்றிவிட்டார் என்று அவளுக்குப் புரிந்து, மூன்று நாளும் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று அழுதபடி இருந்திருக்கிறாள். பத்தாம் நாள் குழந்தையோடு பாலக்கரைக்கு வந்து, அவரை உயிரோடு பார்த்த பிறகுதான் திட்டவே ஆரம்பித்தாள். கால் மணி நேரம் திட்டினாள். திட்டி முடித்துக் குழந்தையை அவர் மடியில் போட்டு, "புடிங்க. நீங்க பெத்தது" என்றாள். "நான் எங்கம்மா பெத்தேன்? இது ஊரு பெத்தது" என்றார் அழகிரி.

அர்ச்சனையை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை நாளைக்கு என்று கெடு எதுவும் சொல்லிச் செய்யவில்லையே என்று குருக்கள் சொல்லிவிட்டார். அதனால் அதற்குப் பிறகு திருச்சியில் யாருக்கு வலி எடுத்தாலும் அது அந்த முந்நூற்று நாற்பத்தொரு பேருக்கும் பங்காகப் போயிற்று. சுகமாகப் பெற்றவர்கள் வாழைத்தார் கட்ட வரும்போது, இனி என் பெயரையும் பங்கில் சேருங்கள் என்று தங்கள் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்துகொள்வது வழக்கமாயிற்று. நட்சத்திரம் இல்லாதவர்களுக்குத் திருவாதிரை. ஐந்தாறு வருஷத்தில் பெயர்கள் பல ஆயிரமாகிவிட்டன. அழகிரியின் பெயரை மட்டும் பெண்கள் எல்லாருமாகச் சொல்லி நீக்கிவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தம்தான். என் பெயரும் ஓர் ஓரத்தில் இருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தார். "போதும், ஒங்க பங்கு முடிஞ்சுது. வளையலப் போடுங்க" என்றாள் ரெங்கநாயகி. பல் எல்லாம் கட்டிக்கொண்டு, அவர் வளைகாப்பு வீடுகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

1986 மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ் சத்திரம் தாண்டிக் காவிரிப் பாலத்துக்கு முன்னால் நின்றது. அங்கே ஸ்டாப் கிடையாது. பஸ்ஸில் இருந்த பெண்கள், கூடைக்காரியும் காலேஜ் டீச்சரும் கன்னியாஸ்திரி ஒருத்தியும், பேச்சை நிறுத்தி ஆளுக்கொரு கையை இடுப்பில் வைத்திருந்தார்கள். என்ன ரிப்பேர் என்று கேட்ட வெளியூர்க்காரர் ஒருவரை, உட்காருங்கள் என்று கண்டக்டர் கையைக் காட்டினார். விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். அரை நிமிஷத்தில் எல்லாக் கைகளும் இறங்கின, எல்லா முகத்திலும் ஒரே சிரிப்பு வந்தது.

"ஆச்சாம்மா?"

"ஆச்சு, போலாம்" என்றாள் கூடைக்காரி. "ஆம்பளப் புள்ள."

கண்டக்டர் விசிலடித்தார். பஸ் பாலத்தில் ஏறியது.